அரசுக் கணினிகளின் பாதுகாப்புக் குறைபாடுகளைப் பொறுப்புடன் அறிவித்தல்

பொறுப்பான குறைபாட்டு அறிவிப்பு என்பது, ஒரு கணினி முறைமையில் பாதுகாப்புக் குறைபாட்டைக் கண்டறிந்தவர் அதை முதலில் அம்முறைமைக்குப் பொறுப்பானவர்களிடம் தெரிவித்து, அது திருத்தப்பட்ட பின்னரோ நியாயமான கால அவகாசம் முடிந்த பின்னரோ பொதுவில் வெளியிடும் வழக்கம் ஆகும். கண்டறிந்தவர் அக்குறைபாட்டைத் தன் நலனுக்குப் பயன்படுத்துவதில்லை; பிறருக்கு விற்பதுமில்லை. அரசு இணையத்தளங்கள், குடிமக்கள் தரவுத்தளங்கள், அடையாள அட்டைகள், பயண அட்டைகள், வாக்குப்பதிவு இயந்திரங்கள் ஆகியவற்றில் காணப்படும் குறைபாடுகளை இவ்வாறு அறிவிப்பது இத்துறையின் ஒரு முக்கியமான, சிக்கல் மிகுந்த பகுதியாகும். ஏனெனில், இங்கு குறைபாடு உள்ள முறைமையின் உரிமையாளரும், அறிவிப்பவர் மீது வழக்குத் தொடுக்கும் அதிகாரம் கொண்டவரும் ஒருவரே.

இவ்வாறு அறிவித்தவர்களைச் சில நாடுகள் நன்றி கூறிப் பாராட்டியுள்ளன. வேறு சில இடங்களில் அறிவித்தவர்கள் கைது செய்யப்பட்டுள்ளனர். இக்கட்டுரை இவ்வழக்கத்தின் வரலாற்றையும், படிமுறைகளையும், சில முக்கிய நிகழ்வுகளையும், சட்ட நிலையையும் விளக்குகிறது.

சொற்பொருள்

பாதுகாப்புக் குறைபாடு என்பது சாதாரண வழுவிலிருந்து வேறுபட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் திறக்கவில்லை என்றால் அது வழு. வேறொருவருக்கு உரிய பக்கம் திறக்கிறது என்றால் அது பாதுகாப்புக் குறைபாடு. முன்னது சேவையைத் தடுக்கிறது. பின்னது அனுமதி இல்லாதவருக்கு வழி விடுகிறது.

குறைபாட்டை வெளியிடும் முறைகள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. அனைத்து விவரங்களையும் கண்டறிந்த உடனேயே பொதுவில் வெளியிடுவது முழு வெளியீடு எனப்படுகிறது. உரிமையாளருக்கு மட்டும் சொல்லிவிட்டு ஒருபோதும் வெளியிடாமல் இருப்பது மறை அறிவிப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே பொறுப்பான அறிவிப்பு. "பொறுப்பான" என்ற அடைமொழி மற்ற முறைகளைப் பின்பற்றுபவர்களைப் பொறுப்பற்றவர்களாகக் காட்டுகிறது என்று பல ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2010 ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் "ஒருங்கிணைந்த அறிவிப்பு" என்ற சொல்லுக்கு மாறியது. இன்று அரசு ஆவணங்களில் இவ்விரு சொற்களும் வழங்குகின்றன.

வரலாறு

இவ்விவாதம் கணினிக்கு முற்பட்டது. 1817 இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பற்தளத்தில் கள்ளச்சாவிகளைக் கொண்டு திருட்டு நடந்தது. அதன்பின் பிரித்தானிய அரசு, தனக்குரிய சாவியால் அன்றி வேறெதனாலும் திறக்க முடியாத பூட்டுக்குப் பரிசு அறிவித்தது. ஜெரமையா சப் 1818 இல் காப்புரிமை பெற்ற பூட்டு 100 பவுண்டு பரிசை வென்றது. யாராலும் திறக்க முடியாதது என்று அது நீண்ட காலம் நம்பப்பட்டது. 1851 இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் போது ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் அதை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். அடுத்து, 1790 முதல் 200 கினி பரிசு அறிவிப்புடன் ஒரு கடையின் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். பூட்டின் குறையை வெளியே சொல்வது திருடர்களுக்குப் பாடம் நடத்துவது போலாகாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. திருடர்கள் தம் தொழிலை ஏற்கெனவே நன்கு அறிவார்கள், அறியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பி வாங்கியவர்களே என்பது ஹாப்ஸின் தரப்பு வாதமாக இருந்தது.

நெதர்லாந்தில் பிறந்த அகஸ்ட் கெர்க்காஃப்ஸ், 1883 இல், இராணுவ மறையீட்டு முறை ஒன்று எதிரியின் கையில் அகப்பட்டாலும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருந்தால் போதும். முறை இரகசியமாக இருப்பதை நம்பக் கூடாது என்பது இதன் பொருள். இன்றைய கணினிப் பாதுகாப்பின் அடிப்படைக் கொள்கைகளில் இதுவும் ஒன்று.

1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு என்ற நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது பயன்படுத்திய குறைபாடுகள் சிலருக்கு முன்பே தெரிந்திருந்தன. ஆனால் அவற்றை யாரிடம் சொல்வது என்பதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. அதே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு தொடங்கப்பட்டது. இக்குழு 2000 ஆம் ஆண்டில், அறிவிக்கப்பட்ட குறைபாடுகளை 45 நாட்களுக்குப் பின் வெளியிடும் கொள்கையை அறிவித்தது. குறைபாடுகளுக்கு ஒரே சீரான அடையாள எண் தரும் முறையை 1999 இல் மைட்டர் நிறுவனம் தொடங்கியது. ஐ.எஸ்.ஓ 29147 என்ற பன்னாட்டுத் தரம் 2014 இல் வெளியாகி 2018 இல் திருத்தப்பட்டது. அறிவிப்புகளை ஒரு நிறுவனம் எவ்வாறு பெற்றுக் கையாள வேண்டும் என்பதை அது விளக்குகிறது.

அரசு முறைமைகளின் தனித்தன்மைகள்

தனியார் நிறுவனங்களின் மென்பொருளில் குறை காண்பதற்கும் அரசு முறைமையில் குறை காண்பதற்கும் இடையே பல வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, தரவு கட்டாயத்தின் பேரில் பெறப்பட்டது. ஒரு கடையின் இணையத்தளம் பிடிக்கவில்லை எனில் வேறு கடைக்குச் செல்லலாம். குடும்ப அட்டை, நிலப் பதிவு, வரி, பிறப்புப் பதிவு ஆகியவற்றுக்கு மாற்று இல்லை. குறைபாட்டால் பாதிக்கப்படுபவர் அதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. பெரும்பாலும் அது குறித்து அவருக்குத் தெரியவும் வராது.

இரண்டாவது, கசிந்த தரவுகளில் பலவற்றை மாற்ற முடியாது. கடவுச்சொல்லை மாற்றலாம். பிறந்த தேதி, கைரேகை, தாய் தந்தையர் பெயர், மருத்துவ வரலாறு ஆகியவற்றை மாற்ற இயலாது.

மூன்றாவது, பொறுப்பு பலரிடம் பிரிந்து கிடக்கிறது. திட்டம் ஒரு துறையினுடையது. மென்பொருளை எழுதியது ஒப்பந்த நிறுவனம். வழங்கியை நடத்துவது வேறொரு அமைப்பு. ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தால் திருத்துவதற்கு ஆளும் நிதியும் இல்லாமற் போகலாம். அறிவிப்பவர் அனுப்பும் மின்னஞ்சல் பொதுக் குறைதீர் பிரிவுக்குச் சென்று, பொருள் விளங்காமல் மூடப்படுவதும் உண்டு.

நான்காவது, குறையை ஒப்புக்கொள்வது அரசியற் பொருள் பெறுகிறது. தனியார் நிறுவனத்துக்கு அது வணிக இழப்பு. அரசுக்கோ அது சட்டமன்றத்திலும் தேர்தல் மேடையிலும் எழுப்பப்படும் கேள்வி. எனவே முதல் எதிர்வினை மறுப்பாக அமைவது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு

அரசு இணையத்தளங்களில் அடிக்கடி காணப்படும் குறைபாடு ஒன்றைக் கற்பனையான எடுத்துக்காட்டின் மூலம் விளக்கலாம். ஒரு மாணவர் தேர்வுத் துறையின் தளத்தில் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்நுழைந்து மதிப்பெண் பட்டியலைத் திறக்கிறார். உலாவியில் தோன்றும் முகவரியின் இறுதியில் 45210 என்ற எண் உள்ளது. தட்டச்சுப் பிழையால் அது 45211 என மாற, வேறொரு மாணவரின் பட்டியல் பெயர், பிறந்த தேதி, ஒளிப்படம் ஆகியவற்றுடன் திறக்கிறது.

இங்கு வழங்கி ஒரு கேள்வியை மட்டுமே கேட்டிருக்கிறது: உள்நுழைந்தவர் யார்? கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை: அவர் கேட்கும் ஆவணம் அவருக்கு உரியதா? முதலாவது அடையாளத்தை உறுதிசெய்தல். இரண்டாவது அனுமதியைச் சரிபார்த்தல். ஒவ்வொரு வேண்டுகோளிலும் இரண்டும் செய்யப்பட வேண்டும். எண்களை ஊகிக்க முடியாதபடி நீளமாக்குவது ஓரளவு உதவும். ஆனால் அது அனுமதிச் சரிபார்ப்புக்கு மாற்றாகாது.

இந்த நிலையில் மாணவர் செய்யக்கூடியவை பல. பக்கத்தை மூடிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். துறைக்கு எழுதலாம். எண்களை ஒவ்வொன்றாக மாற்றி அனைத்துப் பட்டியல்களையும் பதிவிறக்கும் சிறு நிரலை எழுதலாம். குறைபாடு எவ்வளவு பெரிது என்பதை நிரூபிக்கவே பதிவிறக்கினேன் என்று அவர் பின்னர் கூறினாலும், ஆயிரக்கணக்கானோரின் தரவு அவரது கணினியில் இருக்கிறது என்பதே வழக்கில் நிற்கும். குறையை நிரூபிக்க ஒரு பதிவு போதும். அதுவும், இசைவு தந்த நண்பர் ஒருவரின் எண்ணாக இருத்தல் சிறந்தது.

படிமுறைகள்

பல நாடுகளின் வழிகாட்டுதல்களில் பொதுவாகக் காணப்படும் படிமுறைகள் பின்வருமாறு.

1. கொள்கையைத் தேடுதல். அந்நிறுவனம் குறைபாட்டு அறிவிப்புக் கொள்கை வெளியிட்டுள்ளதா, எந்த முறைமைகள் அதில் அடங்கும், எவ்வகைச் சோதனைகள் தடை செய்யப்பட்டுள்ளன என்பதைச் சோதனைக்கு முன்பே படித்தல் வேண்டும். தொடர்பு விவரங்களை ஒரு நிலையான இடத்தில் வைக்கும் செக்யூரிட்டி-டெக்ஸ்ட் கோப்பு முறை 2022 இல் ஆர்.எப்.சி 9116 என்ற எண்ணில் வெளியானது.

2. நிறுத்துதல். குறைபாடு இருப்பது உறுதியானவுடன் நிறுத்திவிட வேண்டும். தரவை மாற்றுதல், அழித்தல், பிறர் தரவைப் படித்தல், சேவையை முடக்கும் அளவுக்கு வேண்டுகோள்களை அனுப்புதல், பின்கதவு அமைத்தல், ஊழியர்களை ஏமாற்றிக் கடவுச்சொல் பெறுதல் ஆகியவை எந்தக் கொள்கையாலும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

3. பதிவு செய்தல். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கணக்கிலிருந்து, என்ன செய்யப்பட்டது என்பதைக் குறித்துவைத்தல் வேண்டும். வழங்கியின் பதிவேட்டிலும் இவை இருக்கும். இரண்டும் ஒத்துப்போவது அறிவிப்பவருக்குப் பாதுகாப்பு.

4. அறிக்கை எழுதுதல். குறைபாடு உள்ள முகவரி, மீண்டும் நிகழ்த்திக் காட்டும் வழி, இதனால் விளையக்கூடிய தீங்கு, திருத்துவதற்கான ஆலோசனை ஆகியன அறிக்கையில் இடம்பெற வேண்டும். திரைப்பிடிப்புகளில் பிறர் பெயர், எண் ஆகியவற்றை மறைத்தல் வேண்டும். தொழில்நுட்பம் அறியாத அலுவலரும் முதற்பத்தியைப் படித்து விபரீதத்தை உணரும்படி எளிய மொழியில் எழுதுவது நன்று.

5. உரியவரிடம் சேர்த்தல். துறையிடமிருந்து பதில் இல்லையெனில், நாட்டின் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு மூலம் அனுப்பலாம். பெயர் வெளிவருவதை அஞ்சுபவர்கள் வழக்கறிஞர் அல்லது பல்கலைக்கழகம் வழியாகவும் அறிவிக்கின்றனர். அறிக்கையை மறையீடு செய்து அனுப்புவது நல்லது.

6. காத்திருத்தலும் நினைவூட்டலும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டுப் பெற வேண்டும். திருத்தம் நடந்ததா என்பதை முன்பு செய்த அளவிலேயே மீண்டும் சரிபார்க்கலாம்.

7. வெளியிடுதல். திருத்தப்பட்ட பின், இரு தரப்பும் ஒப்பும் நாளில் விவரங்கள் வெளியிடப்படுகின்றன. பிற துறைகள் அதே தவறைச் செய்யாமல் இருக்க இப்படிநிலை உதவுகிறது.

பணத்தை நிபந்தனையாக வைப்பது இவ்வழக்கத்துக்கு முரணானது. நிறுவனம் தானாக முன்வந்து அறிவித்த பரிசைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் "பணம் தந்தால் விவரம் சொல்கிறேன்" என்று எழுதுவது மிரட்டிப் பணம் பறித்தலாகக் கருதப்படக்கூடும்.

கால அவகாசம்

எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதே அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி. கூகுளின் புராஜெக்ட் சீரோ குழு 2014 முதல் 90 நாள் வரம்பைப் பின்பற்றியது. நெதர்லாந்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மென்பொருளுக்கு 60 நாட்களையும், வன்பொருளுக்கு 6 மாதங்களையும் பொதுவான அவகாசமாகக் குறிப்பிட்டது. வன்பொருளுக்குக் கூடுதல் அவகாசம் தரப்படுவதற்குக் காரணம் உண்டு. இணையத்தளத்தை ஒரே இரவில் திருத்தலாம். இலட்சக்கணக்கானோர் சட்டைப்பையில் உள்ள அட்டைகளை அவ்வாறு மாற்ற முடியாது. மறுபுறம், தீயவர்கள் அக்குறைபாட்டை ஏற்கெனவே பயன்படுத்தி வருவது தெரிந்தால் அவகாசம் சுருங்குகிறது. அப்போது ஒவ்வொரு நாள் மௌனமும் பொதுமக்களுக்கே கேடு.

முக்கிய நிகழ்வுகள்

நெதர்லாந்து, 2008

நெதர்லாந்தின் நாடு தழுவிய பொதுப் போக்குவரத்துப் பயண அட்டையிலும், பல கட்டடங்களின் நுழைவு அட்டைகளிலும் என்.எக்ஸ்.பி நிறுவனத்தின் மைஃபேர் கிளாசிக் சில்லு பயன்பட்டது. அதன் மறையீட்டு முறை இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. திறவுகோலின் நீளம் 48 பிட் மட்டுமே. நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைக்கும் வழியைக் கண்டு, 2008 மார்ச்சில் அரசுக்கும் நிறுவனத்துக்கும் தெரிவித்தனர். ஆய்வுக் கட்டுரையை அக்டோபரில் வெளியிடுவதாகவும் கூறினர். வெளியீட்டைத் தடுக்கக் கோரி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2008 சூலை 18 அன்று ஆர்னெம் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு கட்டுரையால் வருவதன்று, குறைபாடுள்ள சில்லை உற்பத்தி செய்து விற்றதால் வருவது என்பது தீர்ப்பின் சாரம்.

பாஸ்டன், 2008

அதே ஆண்டு ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் மூவர், பாஸ்டன் நகரப் போக்குவரத்து ஆணையத்தின் பயணச்சீட்டு முறையில் உள்ள குறைகள் குறித்து டெஃப்கான் மாநாட்டில் உரையாற்ற இருந்தனர். ஆணையம் நீதிமன்றத்தை அணுகி ஆகஸ்ட் 9 அன்று தற்காலிகத் தடை பெற்றது. ஆனால் உரையின் படவில்லைகள் மாநாட்டுக்கு வந்தோருக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தன. மேலும், மாணவர்கள் ஆணையத்துக்கு மட்டும் கொடுத்த அறிக்கை, ஆணையத்தின் மனுவுடன் இணைக்கப்பட்டதால் பொது ஆவணமாகிவிட்டது. ஆகஸ்ட் 19 அன்று தடை நீக்கப்பட்டது. பின்னர் வழக்கு முடிந்து, மாணவர்கள் ஆணையத்துடன் சேர்ந்து பணியாற்ற ஒப்புக்கொண்டனர்.

இந்திய வாக்குப்பதிவு இயந்திரம், 2010

2009 இல் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் அரி பிரசாத்தின் குழுவுக்கு இந்தியத் தேர்தல் ஆணையம் இயந்திரத்தைச் சோதித்துக் காட்ட வாய்ப்பளித்தது. ஆனால் அச்சோதனை இடையில் நிறுத்தப்பட்டது. 2010 இல் பெயர் வெளியிடப்படாத ஒருவர் மூலம் கிடைத்த இயந்திரத்தை, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரொப் கொங்கிரைப் ஆகியோருடன் இணைந்து பிரசாத் ஆராய்ந்தார். முடிவுகளைக் காட்டும் திரைப்பலகையை அதே போன்ற போலிப் பலகையால் மாற்றுவது, நினைவகச் சில்லில் சிறு கருவியைப் பொருத்தி வாக்குகளை மாற்றுவது ஆகிய இரு தாக்குதல்களை அவர்கள் செய்து காட்டினர். இரண்டுக்கும் இயந்திரத்தைத் திறந்து கையாளும் வாய்ப்பு தேவை. முத்திரைகள், காவல் ஏற்பாடுகள், அலுவல் நடைமுறைகள் ஆகியவற்றால் அவ்வாய்ப்பு கிடைக்காது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு.

இயந்திரம் மும்பையிலுள்ள அரசுக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது என்ற புகாரின் பேரில், பிரசாத் 2010 ஆகஸ்ட் 21 அன்று ஐதராபாத்தில் மும்பைக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். இயந்திரத்தைத் தந்தவரின் பெயரைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். ஒரு வாரத்துக்குப் பின் பிணையில் வெளிவந்தார். குறைபாட்டை ஆராய்வதற்கான அதிகாரபூர்வ வழி அடைபட்டிருக்கும்போது ஆராய்பவர் சட்டத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

வாக்காளர் தன் வாக்கைக் காகிதத்தில் சரிபார்க்கும் கருவி, பல தரப்பினரின் கோரிக்கைகளுக்கும் வழக்குகளுக்கும் பின், 2013 இல் நாகாலாந்தின் நோக்சன் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் அனைத்துத் தொகுதிகளிலும் பயன்பட்டது. அனைத்துக் காகிதச் சீட்டுகளையும் எண்ண வேண்டும், அல்லது வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நிராகரித்தது.

எஸ்தோனியா, 2017

எஸ்தோனியாவில் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு கையொப்பமிடலாம், வாக்களிக்கலாம். அட்டைகளில் இருந்த சில்லு மறையீட்டுத் திறவுகோல்களை உருவாக்கிய விதத்தில் குறைபாடு இருப்பதைச் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் கண்டனர். பொதுத் திறவுகோலிலிருந்தே இரகசியத் திறவுகோலைக் கணக்கிட முடியும் என்பது இதன் விளைவு. சில்லை உருவாக்கிய இன்ஃபினியன் நிறுவனத்துக்கு 2017 பிப்ரவரியில் தெரிவித்தனர். எஸ்தோனிய அரசுக்கு ஆகஸ்ட் 30 அன்று தகவல் வந்தது. செப்டம்பர் 5 அன்று, தீர்வு கைவசம் இல்லாத நிலையிலும், அரசு அதைப் பொதுமக்களுக்கு அறிவித்தது. ஏறத்தாழ 7,50,000 அட்டைகள் பாதிக்கப்பட்டிருந்தன. புதிய மறையீட்டு முறையை அட்டைகளில் ஏற்றும் மென்பொருள் அக்டோபர் இறுதிக்குள் அணியமாக்கப்பட்டது. நவம்பர் 3 நள்ளிரவில் பழைய சான்றிதழ்கள் இடைநிறுத்தப்பட்டன. அறிவித்தவர் மீது வழக்கு இல்லை, மறைப்பும் இல்லை. ஆயினும், தயாரிப்பாளருக்குத் தெரிந்த செய்தி அட்டை வழங்கிய அரசை அடைய ஆறு மாதம் ஆனது இம்முறையின் பலவீனத்தைக் காட்டுகிறது.

நோவா ஸ்கோசியா, 2018

கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் தகவல் அறியும் உரிமைத் தளத்தின் முகவரியில் எண்ணை மாற்றி ஏறத்தாழ 7,000 ஆவணங்களைப் பதிவிறக்கிய 19 வயது இளைஞர் கைது செய்யப்பட்டார். அவை அனைத்தும் பொது ஆவணங்கள் என்றே அவர் கருதியிருந்தார். அவற்றுள் சில நூறு ஆவணங்களில் தனிநபர் விவரங்கள் இருந்தன. 2018 மே மாதம் காவல்துறை வழக்கைக் கைவிட்டது.

மிசூரி, 2021

அமெரிக்காவின் மிசூரி மாநிலக் கல்வித்துறைத் தளத்தில், ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் பக்கத்தின் மூல நிரலிலேயே இருப்பதை ஒரு நாளிதழின் செய்தியாளர் 2021 அக்டோபரில் கண்டார். நாளிதழ் துறைக்குத் தெரிவித்து, திருத்தப்படும் வரை செய்தியை நிறுத்திவைத்தது. ஆயினும் மாநில ஆளுநர் அதை ஊடுருவல் என்று கூறி வழக்குத் தொடரப்படும் என்றார். நாளிதழுக்கு நன்றி கூறும் செய்திக்குறிப்பு ஒன்றைக் கல்வித்துறை முதலில் வரைந்திருந்தது பின்னர் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்ட மறுத்தார்.

அரசுகளின் கொள்கைகள்

நெதர்லாந்து 2013 இல் தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டது. பொதுநலன், அளவு மீறாமை, வேறு எளிய வழி இன்மை ஆகிய மூன்றையும் கருதியே வழக்குத் தொடுப்பது பற்றி அந்நாட்டு அரசு வழக்கறிஞர் துறை முடிவு செய்கிறது. அறிவிப்பவர்களுக்கு, அரசைக் கொந்தியும் தனக்குக் கிடைத்தது இந்த மட்டமான சட்டை மட்டுமே என்ற கேலி வாசகம் பொறித்த டி-சட்டை பரிசாக அனுப்பப்படுவது புகழ்பெற்றது.

ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் துறை 2016 ஏப்ரல், மே மாதங்களில் "ஹாக் த பென்டகன்" என்ற சோதனைத் திட்டத்தை நடத்தியது. 1,400 க்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். 138 குறைபாடுகள் ஏற்கப்பட்டன. மொத்தச் செலவு ஏறத்தாழ 1,50,000 டாலர். 2020 செப்டம்பரில், கூட்டாட்சிக் குடிசார் துறைகள் அனைத்தும் குறைபாட்டு அறிவிப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்ற கட்டாய ஆணை பிறப்பிக்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பாதுகாப்பு ஆய்வுகளுக்காகக் குற்றம் சாட்டக்கூடாது என்று 2022 மே மாதம் நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது.

சிங்கப்பூர்ப் பாதுகாப்பு அமைச்சு 2018 இன் தொடக்கத்தில் நடத்திய பரிசுத் திட்டத்தில் 35 குறைபாடுகள் ஏற்கப்பட்டு 14,750 அமெரிக்க டாலர் வழங்கப்பட்டது. பெல்ஜியம் 2023 இல், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அறிவிப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும் சட்ட நிலை

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 இன்படி உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதும் தரவைப் பதிவிறக்குவதும் இழப்பீட்டுக்கு உரிய செயல்கள். அவற்றை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால் பிரிவு 66 இன்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். பிரிவு 70 இன்படி பாதுகாக்கப்பட்ட முறைமையாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட கணினியை அணுகுவதற்கும் அணுக முயல்வதற்கும் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ண ஆய்வாளருக்கு வெளிப்படையான விலக்கு இச்சட்டத்தில் இல்லை. எனவே பிரிவு 66 குறிப்பிடும் எண்ணம் தனக்கு இல்லை என்பதைக் காட்டும் பதிவுகளே அவருக்கு உள்ள முதன்மையான காப்பு.

செர்ட்-இன் என்ற தேசியக் குழு 2004 முதல் இயங்குகிறது. குறைபாட்டு அறிவிப்புகளைப் பெறும் இக்குழு, 2021 முதல் பன்னாட்டு அடையாள எண்களை வழங்கும் தகுதியும் பெற்றுள்ளது. மின்சாரம், வங்கி போன்ற முக்கியக் கட்டமைப்புகளுக்கான தேசிய மையமும் அறிவிப்புகளைப் பெறுகிறது. இலங்கையில் இலங்கை செர்ட் 2006 இல் நிறுவப்பட்டது. அங்கு 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகிறது.

விமர்சனங்கள்

முழு வெளியீட்டை ஆதரிப்போர், காலக்கெடுவும் வெளியீட்டு அச்சமும் இல்லாவிடில் குறைகள் திருத்தப்படுவதில்லை என்கின்றனர். தன் தரவு ஆபத்தில் இருப்பதை அறியும் உரிமை குடிமகனுக்கு உண்டு. பொறுப்பான அறிவிப்பு அவ்வுரிமையைத் தள்ளிவைக்கிறது என்பதும் அவர்கள் வாதம். மாறாக, அரசு முறைமைகளை யாரும் எந்நேரமும் சோதிக்க இடம் கொடுத்தால், உண்மையான தாக்குதலையும் நல்லெண்ணச் சோதனையையும் பிரித்தறிவது கடினம் என்று நிர்வாகத் தரப்பில் கூறப்படுகிறது. வேறு சிலர், பரிசுத் திட்டங்கள் முறையான பாதுகாப்புப் பணியாளர்களை நியமிப்பதற்கு மாற்றாகிவிடக் கூடாது என எச்சரிக்கின்றனர். அறிவிப்பைப் பெறும் மின்னஞ்சல் முகவரி இருந்தும் அதைப் படித்துத் திருத்த ஆள் இல்லையெனில் கொள்கையால் பயனில்லை.

மேலே கண்ட நிகழ்வுகளில் ஒரு பொதுக்கூறு உள்ளது. அறிவிப்பதற்கான வழியும், அறிவித்தவருக்கு என்ன நேரும் என்ற உறுதியும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்த இடங்களில் குறைபாடுகள் அரசிடம் வந்து சேர்ந்தன. அவை இல்லாத இடங்களில், கண்டவர் பேசாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பானதாக இருந்தது. அவர் பேசாமல் இருந்தாலும் குறைபாடு அங்கேயே இருக்கும். அடுத்துக் காண்பவர் நல்லெண்ணம் கொண்டவராக இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

கலைச்சொற்கள்

வழு – பக்
கொந்தர் – ஹேக்கர்
வழங்கி – சர்வர்
மறையீடு – என்கிரிப்சன்
திறவுகோல் – கீ
பின்கதவு – பேக்டோர்
பரிசுத் திட்டம் – பக் பவுன்டி